வேகாத முட்டைகளின் பாஸ்கா

பொறை என்னும் குணத்தைப் புகழ்ந்தவர் பலர். அந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே என்ன கொதிக்கிறது என்று பார்த்தவர் மிகச் சிலர். வெளியே நின்று நோக்குவோர்க்கு அது அசைவற்ற நீர் போலத் தோன்றும். அடியில் விறகு எரிவதும், அது அணையாதபடி ஒருவர் ஓயாமல் ஊதிக்கொண்டிருப்பதும் அவர்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. அத்தகைய பொறையை ஓராண்டுக் காலம் பொங்கி வழியவும் விடாமல், ஆறிப்போகவும் விடாமல் காத்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் சந்தனமேரி. இலங்கை மலைநாட்டு அட்டனுக்கு மேலே, மூடுபனி இறங்கினால் பக்கத்து லயத்து வீட்டு வரிசையே கண்ணுக்கு மறைந்துபோகும் உயரத்தில் இருக்கிற ஆனைமட்டத் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கு என்னும் மேற்பிரிவில் அவள் பிள்ளைக் காம்பரா ஆயா.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்னே தங்கள் கைக்குழந்தைகளையும், நடை பழகிய சிறுவர்களையும் விட்டுச் செல்லும் இடம் அது. ஒரு நீண்ட அறை, வரிசையாய்த் தூளிகள், பின்புறம் அடுப்படியாக ஒரு சிறிய குசினி. அந்தக் குசினிதான் சந்தனமேரியின் அரசு. மற்றத் தோட்டங்களில் பிள்ளைகள் குசினிப் படியைத் தாண்டக் கூடாது. அவளிடமோ நிற்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. ஒருவன் அவித்த உருளைக்கிழங்கைக் கையால் மசிப்பான். ஒருத்தி கீரையை ஆய்வதாக எண்ணிக்கொண்டு கந்தலாக்குவாள். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, அதற்குக் கரட் மூக்கும் மிளகுக் கண்ணும் வைத்துக் கோழிக்குஞ்சு என்பார்கள். அது தவளையைப் போலிருந்தாலும் சந்தனமேரி கோழிக்குஞ்சு என்றே ஒப்புக்கொண்டு, தட்டையான கல்லில் சுட்டு, செய்தவன் கையிலேயே கொடுப்பாள்.

மலைக்கு முருகனைத் தெய்வமாக வகுத்த பழந்தமிழ் மரபு வழுவாமல் மேற்கணக்கில் ஒரு முருகன் கோயில் உண்டு. அதற்கு இரண்டு வளைவு கீழே செபஸ்தியார் கோயிலும் உண்டு. சந்தனமேரி பின்னதைச் சேர்ந்தவள். ஆயினும் தவக்காலம் முடியும் பெரிய வாரத்தில், முருகன் வீட்டுப் பிள்ளையும் செபஸ்தியார் வீட்டுப் பிள்ளையும் ஒன்றாகவே அவள் குசினியில் கூடி உயிர்த்த ஞாயிற்றுக்கென முட்டைக்கு நிறம் ஏற்றுவார்கள். வாரம் முழுவதும் சேர்த்த வெங்காயச் சருகைப் பிள்ளைகள் நொறுக்கிக் கொடுக்க வேண்டும். நொறுக்குவதைவிட அவர்களுக்குப் பிடித்தது வேறில்லை. ஈர விரலால் ஒரு கொழுந்தை, இரண்டு இலையும் மொட்டுமாக, முட்டை மேல் ஒட்ட வேண்டும். பழைய வேட்டித் துண்டால் அதை அவள் இறுக்கிக் கட்டுவாள். சருகுத் தண்ணீரில் சிறிது வினாகிரிக் காடி விட்டு, கட்டுகளை அதில் இறக்கிக் கொதிக்க வைத்து, பின் எடுத்து ஆறிய சருகுத் தண்ணீரில் சில நாழிகை ஊறவிட்டு அவிழ்த்தால், செம்பழுப்பு ஓட்டின் மேல் வெளிறிய கொழுந்து ஒன்று அச்சடித்தாற்போல் நிற்கும். சிலவற்றுக்குப் பீட்ரூட், சிலவற்றுக்கு மஞ்சள். அந்த முட்டைகளைப் பார்க்கவே கினிகத்தேனை ஊரிலிருந்து உறவினர் வருவதுண்டு.

இனித் தீங்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

மேற்கணக்கின் கங்காணி மனைவி ரோசலின், கோயிலின் மாதா சபைத் தலைவி. நல்ல குரல், நல்ல சேலை, எந்தச் செபத்தையும் பிறர் தொடங்குமுன் முடித்துவிடும் வேகம். சென்ற ஆண்டு பெரிய வியாழனன்று பிள்ளைகள் நிறமேற்றிய முட்டைகளை, ஞாயிறு பூசையில் மந்திரிக்க வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிச் சென்றாள். "மூடாம வைங்கக்கா, காத்தோட்டமா வாசப்பக்கம் வைங்க," என்று சந்தனமேரி சொல்லித்தான் கொடுத்தாள். ரோசலினோ பூனைக்கு அஞ்சி, அவள் கொடுத்த தகர வாளியிலேயே வைத்து மூடி, அணையாத அடுப்பின் ஓரத்தில் வைத்து மறந்துபோனாள். ஞாயிறன்று பூசை முடிந்ததும் தன் கையாலேயே பிள்ளைகளுக்கு வழங்கினாள். மாலைக்குள் லயம் லயமாகப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு மேற்கணக்கில் எந்தத் தாயும் கண்மூடவில்லை.

சந்தனமேரி மறுநாள் வாளியைத் திருப்பி எடுக்கப் போனபோது அது இன்னும் அடுப்போரத்திலேயே இருந்தது. அடி முழுவதும் கரி. அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியது என்பது ரோசலினுக்கும் விளங்கிவிட்டது. எனவேதான் ரோசலின் முந்திக்கொண்டாள். அடுத்த பெரட்டில், பெயர் கொடுக்க நின்ற பெண்கள் அத்தனை பேர் நடுவிலும் அவள் குரல் உயர்ந்தது:

"கையி சுத்தமில்லாதவகிட்ட புள்ளைகளக் குடுத்தா வேற என்னாடி நடக்கும்? மூக்கத் தொடச்ச கையாலயே முட்டையத் தொடச்சிருக்கா!"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிற்று. தோட்டத்து மருந்துக்காரர் வந்து குசினியைப் பார்த்தார். இனிமேல் பிள்ளைக் காம்பராவில் அடுப்பு எரியக் கூடாது என்று ஆணையிட்டார். பிள்ளைகளுக்குக் கடை பிஸ்கட்டும் போத்தல் தண்ணீரும் போதும் என்றாயிற்று. சந்தனமேரியின் வேலை போகவில்லை. தூளி ஆட்டவும் துணி மாற்றவும் அவள் வேண்டியிருந்தாள். ஆனால் மாலையில் பிள்ளையைத் தூக்க வரும் தாய்மார், அவள் கண்முன்னேயே பிள்ளையின் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடித்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திராது.

"அந்த வாளி கத எனக்குத் தெரியும்னு பெரட்டுலயே சொல்லிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார் அவள் கணவர் அழகுமுத்து. அவர் ஸ்டோர் என்னும் தோட்டத்து ஆலையில் தேயிலை அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்பவர். உரத்துப் பேசியே பழகியவர்.

"சொன்னா யாரு நம்புவா? பழிய ஏத்துக்க முடியாம பழிய மாத்திவிடுறான்னு சொல்லுவாங்க."

"அப்ப என்னா செய்யப் போற?"

"அவ வாயாலயே சொல்ல வைப்பேன். பெரட்டுல கேட்ட அத்தன பேரும் கேக்கச் சொல்லணும். அதுவரைக்கும் நான் சாவமாட்டேன்."

"சரி, அதுக்குள்ள எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி கெடைக்குமா?" என்றார் அழகுமுத்து.

அன்று முதல் அவள் பழியை வளர்த்தாள். பழைய பரணிகளில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சியதைப் போல, இவள் தன் மனத்துள் ஒரு கூழைத் தினமும் கிண்டினாள். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் வேளையில் எல்லோருக்கும் கைகூப்பினாள். ரோசலின் இருந்த திசையில் மட்டும் அவள் கழுத்து திரும்ப மறுத்தது. பாவசங்கீர்த்தனத்தில், "ஒருத்தி மேல கோவம் இருக்கு சாமி," என்று சொன்னாள். "விட்டுவிடு மகளே," என்றார் சுவாமியார். "விடுவேன் சாமி. இப்ப இல்ல," என்றாள்.

இந்த ஆண்டுத் தவக்காலமும் வந்தது. வாய்ப்பு அவள் வீட்டுக் கதவைத் தானே தட்டிற்று.

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் மாலை, ரோசலின் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. முகத்தில், இரந்து கேட்க வந்தவர்கள் அதை மறைப்பதற்காக அணியும் ஒரு சிரிப்பு.

"என்னா சந்தனம், சும்மா இருக்கியா?"

"சும்மாதான் இருக்கேன்க்கா. அடுப்புதான் அணைஞ்சு கெடக்குதே."

ரோசலின் அதைக் கேளாதவள் போல் உள்ளே வந்து பலகையில் அமர்ந்தாள். "இந்த வருசம் மாதா சபையே புள்ளைகளுக்கு முட்டை விழா வைக்குது. சாமி ஆசப்படுறாரு. போன வருசம் அந்தக் கொழுந்துப் படம் போட்ட முட்டை இருந்திச்சே, அதே மாதிரி வேணுமாம். நீ எப்பிடிச் செய்வ? சொல்லு."

மன்னிப்பு என்ற சொல் வருமா என்று சந்தனமேரி காத்திருந்தாள். வரவில்லை. "போனது போவட்டும்" என்றாவது சொல்வாளா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. ரோசலின் பையிலிருந்த வெங்காயச் சருகை எடுத்துக் காட்டி, "இது போதுமா?" என்றாள்.

"போதும்," என்றாள் சந்தனமேரி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இலையை எந்தப் பக்கம் ஒட்டுவது, துணியை எப்படி முறுக்குவது, வினாகிரி எவ்வளவு, ஓட்டுக்குப் பளபளப்பு வரத் தேங்காயெண்ணெய் எப்போது தடவுவது என எதையும் மறைக்கவில்லை, ஒன்றும் பொய்யில்லை.

"எவ்வளவு நேரம் வேகணும்?"

இந்தத் தோட்டத்துக் கத்தோலிக்கப் பெண்கள் அடுப்படியில் கடிகாரம் பார்ப்பதில்லை. செபமாலைதான் அவர்களுக்குக் கடிகாரம்; அதில் பத்து மங்கள வார்த்தைச் செபம் சேர்ந்தது ஒரு 'பத்து'. சோறு வேக இத்தனை பத்து, பருப்பு வேக இத்தனை பத்து என்று மங்கள வார்த்தைச் செபத்தை எண்ணித்தான் பானையை இறக்குவார்கள். சந்தனமேரியின் தாய்க்கும் அதுவே வழக்கம். முட்டைக்கு அவள் கணக்கு மூன்று பத்து. தண்ணீர் நன்றாகத் தளதளத்த பிறகு முதல் மணியைத் தொடுவாள். ஒவ்வொரு மங்கள வார்த்தையையும் சொல் சொல்லாக, நாவில் வைத்து உருட்டிச் சொல்வாள். பத்துக்கும் பத்துக்கும் இடையில் ஒரு மாதா கீர்த்தனையை முழுதாகப் பாடுவாள். அவளுடைய மூன்று பத்து முடிவதற்குள் பக்கத்து வீட்டார் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

ரோசலினின் மூன்று பத்து எப்படிப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தக் குளிர் மலையில் தண்ணீர் கொதித்தாலும் அதன் சூடு கீழூர்களில் உள்ளதைப்போல் இராது என்பதும், பெரிய பானையில் முட்டைகளை ஒருமிக்க இறக்கினால் கொதி அடங்கிப்போகும் என்பதும் தெரியும்.

"மூணு பத்துக்கா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் கூடச் சொல்லவில்லை.

ரோசலின் போன பின் அழகுமுத்து அவளை உற்றுப் பார்த்தார். "இந்தாப்புள்ள, அந்தம்மா செபம் சொல்ற வேகத்துக்கு முட்டை குளிச்சுட்டு எந்திரிச்சு வந்துருமே. சொல்லிருக்கலாம்ல?"

"அவங்க கேக்கலயே."

"பாவம்டி."

"எது பாவம்? என் கையிக்கு வாய்ல வந்த பேரு வச்சது பாவமில்லியா?" என்றாள். அவர் எழுந்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆயினும் ஒரு கவலை அவளை அரித்தது. ரோசலின் எக்கேடு கெட்டாலும் சரி. பிள்ளைகள் வாயில் வேகாத முட்டை போகக் கூடாது. பாஸ்கா என்னும் உயிர்த்த ஞாயிறன்று முட்டையை உண்பதற்கு முன் ஒன்றோடொன்று முட்டி உடைப்பது மேற்கணக்கு வழக்கம். உடையாத முட்டைக்காரனே வெற்றி பெற்றவன். அந்த வழக்கத்தில்தான் அவள் தன் வலையை விரித்திருந்தாள்: முட்டும்போதே உடையும், உடையும்போதே தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவரிடம் மட்டும் வாய் திறந்தாள்.

அந்த ஒருத்தி நாகலெட்சுமி. முருகன் கோயில் லயத்துக்காரி. சென்ற ஆண்டு மிகவும் வாடிப்போன பிள்ளை அவள் மகள் கேஷிகாதான். பெரிய சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, அவள் தன் பிள்ளையையும் அண்ணன் மகன் மதுசூதனனையும் இடுப்பிலும் கையிலுமாக இழுத்துக்கொண்டு சந்தனமேரி வீட்டுக்கு வந்தாள்.

"மேரியக்கா, இதுக ரெண்டும் முட்டை முட்டைன்னு உசிர எடுக்குதுங்க. ஒங்க வீட்டுக் குசினியில கொஞ்ச நேரம் வச்சுக்கங்க."

"எங்கிட்டயா? பயமா இல்லியா?"

நாகலெட்சுமி தலை குனிந்தாள். "ஒரு வருசமா இவ விரல நானும் மோந்து பாத்தேன்க்கா. ஒரு நாளும் ஒரு வாடையும் வரல. அப்புறம் எதுக்கு நான் மோந்தேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு."

சந்தனமேரி பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள். ஒரு முழு ஆண்டுக்குப் பின் அவள் குசினியில் பிள்ளைக் குரல் கேட்டது. கேஷிகா சருகை நொறுக்கித் தன் தலையிலேயே தூவிக்கொண்டாள். மதுசூதனன் கொழுந்தை முட்டையில் ஒட்டாமல் நெற்றியில் ஒட்டிக்கொண்டான். பீட்ரூட்டைக் கழுவச் சொன்னதற்குச் சட்டியோடு தானும் இறங்கிக் கழுவப்பட்டான். மாவில் கேஷிகா செய்த கோழிக்குஞ்சுக்கு நான்கு கால் இருந்தது.

"இது என்னாடி, கோழிக்கு நாலு காலு?"

"ரெண்டு காலு வலிச்சா மத்த ரெண்டு காலு," என்றாள் கேஷிகா.

சந்தனமேரி சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அழகுமுத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முட்டைகள் இறங்கின, அவள் தன் மூன்று பத்தைத் தன் வழக்கப்படி நிதானமாகச் சொன்னாள், பிள்ளைகள் இடையிடையே கீர்த்தனைக்குத் தட்டைத் தட்டினார்கள். பின் நாகலெட்சுமி வந்தபோது தாழ்ந்த குரலில், "நாளைக்குக் கோயில்ல குடுக்கிற முட்டைய முட்டட்டும்; வாயில வைக்க விடாத. மத்த தாய்மாரையும் பாத்துக்க," என்றாள்.

"ஏன்க்கா?"

"நாளைக்குத் தெரியும்."

பிள்ளைகளை அனுப்பிவிட்டு விறகு பொறுக்கிக்கொண்டு திரும்பும் வழியில் அவள் ரோசலினின் வீட்டைக் கடக்க நேர்ந்தது. பின்கட்டில் பெரிய பானை அடுப்பில் இருந்தது. தண்ணீர் இன்னும் சரியாகக் கொதிக்கக்கூட இல்லை. ரோசலினின் குரல் கேட்டது. மரியேயும் ஆமெனும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, சரிவில் உருண்ட கொழுந்துக்கூடைபோல் பத்து ஓடிக்கொண்டிருந்தது. சந்தனமேரி வேலியோரம் நின்றாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் நேரம் விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. பெரட்டுக் களத்தில் நின்ற முகங்களும், முகர்ந்து பார்க்கப்பட்ட விரல்களும் அதன் பின்னாலேயே வந்தன. அவள் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

உயிர்த்த ஞாயிறு வெயிலோடு விடிந்தது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன் மேல் ரோசலினின் முட்டைகள்! எண்ணெய் பூசிய ஓட்டில் செம்பழுப்பு நிறம். ஒவ்வொன்றிலும் இரண்டு இலையும் மொட்டுமாகக் கொழுந்து. கைப்பேசிகள் அவற்றைச் சுற்றிப் படமெடுத்தன. முருகன் கோயில்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ரோசலின் புதுப் பட்டோடு சுவாமியாரின் வெள்ளை அங்கிக்கு அருகில் நின்று, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்புப் பெற்றோரே, இந்த வருசம் முட்டையெல்லாம் சுத்தமான கையால, சபையே செஞ்சது. புள்ளைகளுக்குப் பயமில்லாமக் குடுக்கலாம்."

'சுத்தமான' என்ற இடத்தில் அவள் பார்வை ஒரு திசைக்குப் போய்த் திரும்பியது. கூட்டத்தின் பின்னே நின்ற சந்தனமேரி தலையைக் குனியவில்லை.

"வாங்க கண்ணுங்களா, ஆளுக்கு ஒன்னு! சாமிக்கு முன்னாடி முட்டுங்க பாப்போம்!"

கேஷிகாவும் மதுசூதனனும் முதலில் போனார்கள். இருவரும் முட்டையை இரு கையாலும் பிடித்து, நெற்றி சுருங்க முட்டினார்கள். 'டக்' என்ற ஒலி எழவில்லை. ஈரமான ஓர் ஓசை எழுந்தது. வெள்ளையும் மஞ்சளும் கலந்து விரல்களின் இடையே வழிந்து, முழங்கை வரை ஓடியது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாஸ்கா இல்லை. கூச்சலிட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளும் முட்டினார்கள். மதுசூதனன் கையைத் துடைக்க இடம் தேடி, மிகவும் வெள்ளையான ஒன்றைக் கண்டான். அது சுவாமியாரின் அங்கி. கேஷிகா ரோசலினின் பட்டுச் சேலையைத் தேர்ந்தெடுத்தாள்.

"அய்யய்யோ, வேகவேயில்லியே!"

"வாயில வைக்காதடா! எறக்கு, எறக்கு!" நாகலெட்சுமியும் தாய்மார் சிலரும் பாய்ந்து பிள்ளைகள் கையிலிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள். ஒரு பிள்ளை வாய்க்கும் போகவில்லை.

ரோசலினின் முகம் முட்டை வெள்ளையைவிட வெளிறியது. "நான் மூணு பத்து சொல்லித்தான் வேக வச்சேன்! மாதா சத்தியமா மூணு பத்து! இந்தா இவதான் சொன்னா!" என்று சந்தனமேரியைச் சுட்டினாள்.

கூட்டம் திரும்பியது. ஓராண்டாகக் காத்திருந்த அந்தத் திரும்பலைச் சந்தனமேரி அவசரப்படாமல் பெற்றுக்கொண்டாள். முன்னே நடந்து வந்தாள்.

"ஆமாக்கா, மூணு பத்துன்னுதான் சொன்னேன். அது எந்த மூணு பத்துன்னு எல்லாருக்கும் கேக்கட்டும். ஒரே ஒரு பத்து சொல்லிக் காட்டுங்க. மைக்கு ஒங்க கையிலதான் இருக்குது."

"இப்பவா?"

"செபம் சொல்ல நேரம் காலம் உண்டாக்கா?"

மறுக்க வழியில்லை, கேட்கப்பட்டது செபம். ரோசலின் தொடங்கினாள். பதற்றத்தில் வழக்கத்தைவிட விரைந்தாள். மூச்சு இரண்டு முறை வாங்கியதும் பத்து முடிந்துவிட்டது.  முருகன் கோயில் பக்கம் நின்ற மூக்கன் என்ற முதியவர் வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவர்.

"ஏ தாயி, இது செபமா, கொழும்பு ரயிலா? நானுஓயா ஸ்டேசன்லகூட நிக்காமப் போவுதே!"

சிரிப்பு முற்றத்தை ஓர் அலைபோல் கடந்தது. மாதா சபைப் பெண்களும் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுவாமியார் அங்கியின் கறையையே குனிந்து ஆராய்ந்தார். அவர் தோளும் குலுங்கிற்று.

சந்தனமேரி சிரிக்கவில்லை. தன் கூடையைத் திறந்தாள். முந்தைய நாள் பிள்ளைகள் செய்த முட்டைகள் அதில் இருந்தன. இரண்டை எடுத்து ஒன்றோடொன்று முட்டினாள். 'டக்.' தெளிவான ஒலி. ஓட்டை உரித்துக் கேஷிகாவிடம் கொடுத்தாள். பிள்ளை கடித்தது, மஞ்சள் கரு பொடியாக உதிர்ந்தது.

"இப்ப போன வருசக் கதைக்கு வருவோம்," என்றாள்.

சுவாமியார் நிமிர்ந்தார். "சந்தனமேரி, இன்னைக்கு உயிர்த்த ஞாயிறு. மன்னிச்சு விட்டுடலாமே மகளே."

"மன்னிக்கிறது என் வேல, சாமி. அத நான் வீட்டுல போயிச் செஞ்சுக்குவேன். சொல்ல வேண்டியது இவங்க வேல. பெரட்டுல சொன்னாங்க; பெரட்டுல கேட்டவங்க எல்லாம் இங்கதான் நிக்கிறாங்க." பிறகு ரோசலினிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை, அதுவே அச்சமூட்டிற்று. "அக்கா, எங்க வாளிய நீங்க எங்க வச்சீங்க?"

ரோசலின் சுவாமியாரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். கங்காணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டில் வழிந்த மஞ்சள் காய்ந்து ஒட்டத் தொடங்கியிருந்தது.

"அடுப்போரம்," என்றாள்.

"பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"அடுப்போரம் வச்சேன்! மூடி வச்சேன். வியாழக்கெழம வச்சது ஞாயித்துக்கெழம வரைக்கும் அங்கதான் இருந்திச்சு. நாந்தான் மறந்தேன்." அவள் குரல் உடைந்தது. "அவ கையில ஒரு குத்தமும் இல்ல."

 பிறகு சென்ற ஆண்டு பிள்ளையின் விரலை முகர்ந்த தாய்மார் ஒருவர் பின் ஒருவராகச் சந்தனமேரியைச் சூழ்ந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தங்கள் பிள்ளையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார்கள். இந்த மலையில் அதற்கு மேல் பெரிய மன்னிப்புக் கிடையாது. கூடையிலிருந்த முட்டைகள் எல்லோருக்கும் போதவில்லை. ஒன்றை நான்காக வகிர்ந்து ஊட்டினாள்.

விடுமுறை கழிந்த முதல் பெரட்டில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைக் காம்பரா அடுப்பை மூட்டினால்தான் மலையேறுவோம் என்று நின்றார்கள். மருந்துக்காரர் வந்து தம் ஆணையைத் தாமே திரும்பப் பெற்றார். புகைபோக்கியில் ஓராண்டுக்குப் பின் புகை எழுந்தது.

சுவாமியார் ரோசலினுக்கு ஓர் அபராதம் விதித்தார்: ஒரு வாரம் மாலைகளில் பிள்ளைக் காம்பரா குசினியில் உதவி செய்ய வேண்டும். அவள் வந்தாள். சந்தனமேரி அவளுக்கு முக்காலி போட்டாள், தேநீர் கொடுத்தாள், ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. பீட்ரூட்டும் துருவியும் முன்னே வைத்தாள். ரோசலின் ஒன்றைத் துருவி முடித்து நெற்றியைத் துடைப்பாள். சந்தனமேரி அன்போடு இன்னொன்றை எடுத்து வைப்பாள். "மெதுவாச் செய்யுங்கக்கா, அவசரமில்ல," என்பாள். பிள்ளைகள் சுற்றி நின்று ரோசலின் பாட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். அவள் சொல் சொல்லாகச் சொன்னால்தான் அவர்கள் கைதட்டுவார்கள். வாரம் முடிந்த அன்று ரோசலின் எழுந்து, "வாரேன் சந்தனம்," என்றாள். "நாளைக்கும் வாங்கக்கா," என்றாள் சந்தனமேரி. அது அழைப்பா, தண்டனையின் நீட்டிப்பா என்று ரோசலின் அவள் முகத்தில் தேடினாள், கிடைக்கவில்லை. மறுநாளும் வந்தாள்.

அன்றிரவு அழகுமுத்து கேட்டார்: "இப்பவாச்சும் மன்னிச்சுட்டியா?"

"பாதி," என்றாள் சந்தனமேரி. "மீதிக்கு இன்னும் பீட்ரூட் இருக்கு."

அழகுமுத்து, சந்தனமேரி தம்பதியின் மனை வாழ்க. அவர்கள் கூரையில் மழை தங்காது ஒழுகிப் போவதாக. அவர்கள் பானையில் அரிசி தங்குவதாக. அவ்வீட்டுப் படியில் நோய் ஏறாமலும் வழக்கு ஏறாமலும் இருக்கட்டும். அவர்களைப் பழித்த நாவுகள் அவர்கள் பந்தியில் அமர்ந்து, வாய் நிறைய உண்டு, வேறு பேச வழியின்றி வாழ்த்திப் போவதாக. பிள்ளைகளைப் படைத்தவன் அந்தப் பிள்ளைகளின் சிரிப்பை அந்த வீட்டுக்குள் நாள்தோறும் அனுப்பி, இரவில் அவ்விருவர்க்கும் ஆழ்ந்த உறக்கம் அருள்வானாக.